கொன்றை சறுக்கிய சரிவு

மூங்கில் காடு முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஒரு யானைக் கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவி கொன்றை என்னும் பிடி. கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பாறைக்கு அடியில் உப்பு மண் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் காதை அசைத்தால் கூட்டம் நிற்கும். தும்பிக்கையைத் தூக்கினால் நடக்கும். அவள் தண்ணீருக்கு வருகிறாள் என்றால் காட்டெருமைகள்கூடத் தள்ளி நின்று வழி விடும்.

இப்படிப்பட்ட கொன்றைக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவளுக்குச் சறுக்கி விளையாடப் பிடிக்கும்.

மலையின் பின்புறம் ஒரு செம்மண் சரிவு இருந்தது. மேலே ஓர் ஊற்று கசிந்துகொண்டே இருப்பதால் கடும் கோடையிலும் அந்த மண் காயாது. அடியில் ஆறு. கன்றாக இருந்தபோது கொன்றை ஒருமுறை கால் தவறி அதில் விழுந்து, ஆறு வரைக்கும் வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அழுவதற்காக வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்குப் பிடித்த ஆசை அது. தாயானபோதும் விடவில்லை, தலைவியானபோதும் விடவில்லை.

மத்தியான வெயிலுக்குக் கூட்டம் மர நிழலில் கண்ணயரும் நேரத்தில் அவள் மெல்ல நழுவிப் பின்புறம் போவாள். சுற்றுமுற்றும் பார்ப்பாள். பின்னங்கால்களை மடக்கி உட்காருவாள். அப்புறம் ஒரே சறுக்கு! காதுகள் காற்றில் படபடக்கும். வயிற்றுக்குள் ஏதோ கூசும். ஆற்றில் தொப்பென்று விழும்போது அவளையும் மீறித் தொண்டையிலிருந்து 'கீ' என்று ஒரு சத்தம் கிளம்பும். பால் குடிக்கும் கன்று போடுகிற சத்தம்.

அந்தச் சத்தம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. யாரோ ஒரு கன்று ஆற்றில் விழுந்துவிட்டது என்று நினைத்து, நாவல் மரத்துக் குரங்கு ஒன்று கிளையை விலக்கிப் பார்த்தது. காடே அஞ்சும் தலைவி, முதுகெல்லாம் சேறாகத் தண்ணீரில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். குரங்கின் வாயில் அந்தச் செய்தி தங்குமா? பொழுது சாய்வதற்குள் காடெல்லாம் பரவிவிட்டது.

கொன்றையின் தங்கை மருதிக்கு அவமானம் தாங்கவில்லை. மருதி கெட்டவள் இல்லை. நடையில் ஒழுங்கு, பேச்சில் ஒழுங்கு, குளிப்பதில்கூட ஒழுங்கு என்று இருப்பவள். அக்காவைத் தனியே அழைத்துக்கொண்டு போய், மேற்குக் காட்டு யானைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதாகக் குமுறினாள். அவர்களுடைய தலைவி ஆனைமுத்தி எவ்வளவு கம்பீரமானவள், அவள் இப்படிச் செய்வாளா என்று கேட்டாள்.

"இது கன்றுகள் செய்கிற காரியம் அக்கா. நாளைக்கு யார் உன் பேச்சைக் கேட்பார்கள்?" என்றாள் கடைசியில்.

கொன்றை தலை குனிந்தாள். புலியின் முன்னால்கூடக் குனியாத தலை அது. இனிமேல் சறுக்கமாட்டேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தாள்.

சொன்னபடியே நடந்தாள். ஆனால் மத்தியான வேளை வந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்றுகள் சேற்றை வாரி ஒன்றின்மேல் ஒன்று இறைத்து விளையாடினால் எரிச்சல் வந்தது. "என்ன கூத்து இது?" என்று அதட்டினாள். ஓடிப் பிடித்து விளையாடக் கூடாது என்றாள். தண்ணீரில் புரளக் கூடாது என்றாள். தனக்கு இல்லாமல் போனதை இன்னொருவரிடம் பார்க்க அவளால் முடியவில்லை. அது அவளுக்கே புரிந்தது, புரிந்ததால் இன்னும் அதிகமாக அதட்டினாள். கூட்டம் ஓசையில்லாமல் மேய்ந்தது, ஓசையில்லாமல் நடந்தது. மருதிக்கு அது பிடித்திருந்தது. கொன்றைக்கோ தனக்கு வயதாகிவிட்டது என்று முதன்முதலாகத் தோன்றியது.

கோடை முற்றியது. ஒரு நாள் காலையில் காய்ந்த மூங்கில் காட்டில் தீப்பிடித்தது. சடசடவென்று மூங்கில்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது. காற்று தீயை மலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆற்றுக்குப் போகும் யானைத் தடம் முழுவதையும் புகை மூடிவிட்டது.

மொட்டைப் பாறையில் ஏறி நின்றுகொள்ளலாம் என்றாள் மருதி. தீ அங்கே வராது, ஆனால் புகையும் அனலும் வரும், கன்றுகளுக்குத் தாங்காது என்று கொன்றை சொன்னாள். தும்பிக்கையைத் தூக்கினாள். கூட்டத்தை மலையின் பின்புறம் நடத்திக்கொண்டு போய்ச் செம்மண் சரிவின் உச்சியில் நிறுத்தினாள்.

கீழே எட்டிப் பார்த்த கன்றுகள் தாய்களின் கால்களுக்கு இடையே பதுங்கின. பெரிய யானைகளுக்கும் கால் எழவில்லை. நடந்து இறங்க முடியாத செங்குத்து அது. இறங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது என்ன வழி என்று எல்லாருக்கும் தெரியும்.

கொன்றை சரிவின் விளிம்புக்குப் போனாள். மருதி பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

"எல்லாரும் பார்க்கிறார்கள் அக்கா."

"பார்க்கட்டும்" என்றாள் கொன்றை. "பார்த்தால்தான் உங்களுக்கும் வரும்."

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பின்னங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். முன்னங்கால்களை நீட்டி ஊன்றினால் வேகம் அடங்கும். பாதி தூரத்தில் இடது பக்கம் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும், அதற்கு முன்பே வலது பக்கம் சாய்ந்துவிட வேண்டும். அந்தச் சரிவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவள் உடம்புக்குத் தெரியும்.

பிறகு கொன்றை உட்கார்ந்தாள். சறுக்கினாள். செம்மண் இரண்டு பக்கமும் சிதறியது. ஆற்றில் விழும்போது அந்தச் சத்தத்தை அடக்க வேண்டும் என்று நினைத்துப் பல்லைக் கடித்தாள். முடியவில்லை. 'கீ!' என்று அது மலை முழுக்கக் கேட்டது.

உச்சியில் நின்ற கன்றுகள் காதை நிமிர்த்தின. இது பயப்படுகிற சத்தம் இல்லையே! பயந்தவர் யாரும் இப்படிக் கத்தமாட்டார் என்று கன்றுகளுக்குத் தெரியும். துடுக்கான குட்டி ஒன்று முதலில் உட்கார்ந்தது. 'கீ!' அடுத்தது ஒன்று. 'கீ!' அவற்றின் பின்னே தாய்கள் இறங்கினார்கள். புகை உச்சியைத் தொட்டபோது மேலே மருதி ஒருத்திதான் மிச்சம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். பாதி வழியில் அவள் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

தீ ஆற்றங்கரையோடு நின்றது. நடு ஆற்றில் சேறும் தண்ணீருமாக நின்ற கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மருதி மட்டும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீ மட்டும் இல்லையென்றால் இன்னொரு தடவை ஏறியிருப்பாள் போலிருந்தது.

மழை வந்து காடு மறுபடி துளிர்த்தது. தப்பிய கூட்டத்தைப் பார்க்க மேற்குக் காட்டு யானைகள் வந்தன. முன்னால் ஆனைமுத்தி வந்தாள். அவள் நடந்தால் நிலம் அதிரும். மருதி ஓடிப்போய் வரவேற்று, நடந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

"என் அக்கா இத்தனை காலமும் விளையாடவில்லை. இப்படி ஒரு ஆபத்து வரும் என்று தெரிந்து பழகிக்கொண்டிருந்தாள்" என்றாள்.

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. தலைவியின் மானத்தைக் காப்பாற்ற அது நல்ல வழி. கொன்றை வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும்.

கொன்றை முன்னால் வந்தாள். இந்தத் தடவை தலை நிமிர்ந்தே இருந்தது.

"பழகவும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சறுக்கப் பிடிக்கும். கன்றாக இருந்தபோது பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கிறது. தீயே வராமல் இருந்திருந்தாலும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கும்."

மருதி ஆனைமுத்தியின் முகத்தைப் பயத்தோடு பார்த்தாள். ஆனைமுத்தி கொன்றையை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் தன் கூட்டத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கொன்றையின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தச் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது?"

வயதும் பொறுப்பும் எவ்வளவு கூடினாலும், சின்ன வயதிலிருந்து கூடவே வருகிற சந்தோஷத்துக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.