கொடுத்தவர் பெயர்

தோற்றுக்கொண்டிருந்த மன்னருக்கு, எதிரியின் தலைநகர்வரை குண்டு எறியும் பீரங்கியை நட்புநாட்டுத் தூதர் கொண்டுவந்து தந்தார். "உடனே சுடு!" என்று பீரங்கிக்காரன் சங்கிலிக்கு உத்தரவிட்டார் மன்னர். சங்கிலியின் பிள்ளைகள் எல்லையூரில் இருந்தார்கள். பதில் குண்டு முதலில் அங்கேதான் விழும்.

அவன் தூதரைக் கும்பிட்டான். "புதுப் பீரங்கின்னா, கொடுத்தவர் பெயரைக் கூவித்தான் முதல் குண்டு போடுவோம், சாமி. உங்க ராசா பெயரை எல்லைக்கு அந்தப் பக்கம் எதிரிப் படைக்குக் கேட்கிற மாதிரி கூவட்டுமா?"

தூதர் பதறினார். "ஐயையோ, வேண்டாமப்பா! அந்த எதிரி மன்னனுக்கும் பெரிய நண்பன் இருக்கிறான். இதைவிட நீளமான பீரங்கியை வாங்கி எங்கள் தலையில் குண்டு போடுவான்!"

பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று சங்கிலி மூச்சுவிட்டான்.

மன்னரோ ஆவலோடு தூதரின் கையைப் பிடித்தார். "இதைவிட நீளமானதா? எங்களுக்கும் ஒன்று தாருங்கள். அது வரும்வரை, சங்கிலி, நீ இதைச் சுடு."