புங்க எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்

'சர்ர்ர்...'

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இலந்தைப் புதருக்கு அடியிலிருந்த வளைக்குள், ஆறு நாள் குட்டியை அப்போதுதான் தூங்க வைத்திருந்த முயல் வெள்ளச்சிக்குக் காது நிமிர்ந்தது. எலியா? இல்லை. பாம்பா? அதுவும் இல்லை. ஏதோ வழுக்கிக்கொண்டு போகிற சத்தம்.

கதவைப் பார்த்தாள். மூங்கில் தாழ்ப்பாள் சுவரிலிருந்த துளையை விட்டுத் தானாக நகர்ந்துகொண்டிருந்தது!

பாய்ந்து போய்த் தள்ளினாள். உள்ளே போனது. வெளியே யாரோ கதவை மெல்ல ஆட்டினார்கள். மறுபடியும் 'சர்ர்ர்'.

முந்தாநாள் வரை அந்தத் தாழ்ப்பாள் இப்படி இல்லை. போடும்போதெல்லாம் 'கிறீச்' என்று கத்தும். குட்டி அலறி விழிக்கும். திரும்பத் தூங்க வைப்பதற்குள் வெள்ளச்சிக்குப் பாதி உயிர் போய்விடும். இதைத் தெரிந்துகொண்ட காட்டுப்பூனை, ஏதோ அந்த வழியாகப் போகிறவள்போல நின்று, புங்கங்கொட்டையை நசுக்கி எண்ணெய் தடவச் சொல்லிவிட்டுப் போனாள். தடவியதும் சத்தம் நின்றது. குட்டியும் தூங்கியது. எவ்வளவு நல்ல மனசு என்று வெள்ளச்சி நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள்.

"யாரது?"

"உன் பூனையக்காதான். பிள்ளை தூங்குதான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

தாழ்ப்பாள் நழுவியது. தள்ளினாள். நழுவியது. எண்ணெய் இப்போது அவள் பாதத்திலும் ஏறிவிட்டது, பிடியே கிடைக்கவில்லை. தரையைப் பிறாண்டி மண்ணை அள்ளினாள்.

அந்தச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது.

"மண்ணைக் கிண்ணைப் போட்டுடாதே தங்கச்சி. கிறீச்சுன்னு கத்தும். பாவம், பச்சப்பிள்ளை முழிச்சுக்கும்."

வெள்ளச்சியின் பாதம் ஒரு கணம் தயங்கியது. கதவை ஆட்டுகிறவளுக்கு என் பிள்ளையின் தூக்கத்தில் இவ்வளவு அக்கறையா?

"முழிக்கட்டும் அக்கா. அழணும்னாலும் உசிரோட இருக்கணுமில்ல?"

மண்ணைத் துளையில் திணித்தாள். தாழ்ப்பாள் முழுக்கத் தேய்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

'கிறீச்!'

குட்டி வீல் என்று அழுதது. வெளியே காட்டுப்பூனை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள், மூங்கில் அசையவில்லை. காது கிழிகிறது என்று முணுமுணுத்தபடி நடையைக் கட்டினாள். வெள்ளச்சி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, போட்ட தாழ்ப்பாளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள்.

நம் சிரமத்தைக் குறைக்க யார் என்ன யோசனை சொன்னாலும், அதனால் நம் பிடி தளருமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.