தாங்கி தவிசாளரான கதை

சுற்றிலும் கடல், நடுவிலே ஒரு தீவு. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான். ஆனால் ஒரு மிடறு குடிக்க வேண்டுமென்றால் அங்கேயிருந்த சில கிணறுகளிடம்தான் போக வேண்டும். கிணறுகளும் வாளிகளும் கயிறுகளும் கப்பிகளும் வாய் திறந்து பேசிய ஒரு காலத்தில், அவை எல்லாம் கூடித் தங்களுக்கென்று ஒரு சபை வேண்டுமெனத் தேர்தல் வைத்தன.

தேர்தல் அலுவலர் ஒரு கூழைக்கடா. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவரின் அடையாளத்தைச் சிப்பியில் கீறி அதன் தொண்டைப்பைக்குள் போட்டார்கள். அது கடலைக் கடந்து பெரிய கரைக்குப் பறந்துபோய், அங்கே வைத்து எண்ணி, மறுநாள் திரும்பி வந்தது. தீவின் வாக்கைத் தீவில் எண்ணக்கூடாது என்பது சட்டமாம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, அதுதான் சட்டம் என்ற பதிலே கிடைத்தது.

இறங்குதுறையின் முனையில் உட்கார்ந்து, சிறகை உதறி, தொண்டையைச் செருமிக்கொண்டு கூழைக்கடா முடிவை வாசித்தது. தண்ணீர்த்தாங்கி வென்றுவிட்டது. அடுத்த தேர்தல் வரைக்கும் சபையின் தலைவர், அதாவது தவிசாளர், தாங்கிதான்.

பூவரச மரத்தடியில் இருந்த பூவரசங்கிணற்றுக்கு வந்த ஆத்திரத்தில் அதன் சுற்றுக்கட்டிலிருந்து ஒரு கல் கழன்று உள்ளே விழுந்தது.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? அந்தத் தாங்கியின் யோக்கியதை தீவுக்கே தெரியும். எங்கிருந்தோ வந்த ஆட்கள் உயரமான சீமெந்துக் கால்களை நட்டு, அதன் மேல் அதைக் கட்டி, நீலச் சாயம் பூசி, நாடா வெட்டி, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதன் வயிற்றுக்குள் பல்லி முட்டையைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. ஆனாலும் அது உயரம். படகில் வருகிறவர்களுக்குத் தீவு தெரிவதற்கு முன்னரே தாங்கி தெரியும். கிணறுகளோ நிலத்தோடு நிலமாகக் கிடந்தன. கிட்டப்போய்க் குனிந்தால்தான் கிணறு என்று ஒன்று இருப்பதே தெரியும்.

வாளிகள் எல்லாம் தாங்கிக்குத்தான் போட்டிருந்தன. காலமெல்லாம் கயிற்றில் தொங்கி, இருட்டுக்குள் இறங்கி, கல்லில் முட்டி முட்டி அவற்றின் உடம்பு முழுக்க நெளிவு. தாங்கி அவற்றைக் கூட்டிவைத்து, தான் வந்தால் குழாய் வரும், அதற்குப் பிறகு ஒரு வாளியும் கிணற்றுக்குள் இறங்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லாத தாங்கி குழாயில் எதை விடப்போகிறது என்று ஒரு வாளியாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாவம், அவற்றுக்கு அவ்வளவு களைப்பு.

வாளிகளை விடுங்கள். கிணறுகளின் புத்தி எங்கே மேயப் போனது? ஒன்று மிச்சமில்லாமல் எல்லாக் கிணறும் தேர்தல் கேட்டன, தனித்தனியே போட்டிக்கு நின்றன. கோயிற்கிணறு தன் தண்ணீர்தான் இனிப்பு என்றது. பள்ளிக்கிணறு அதைக் கேட்டுச் சிரித்தது. மேட்டுக்கிணறு இரண்டையும் உவர் என்று திட்டியது. பூவரசங்கிணறும் கேட்டது, அதுவும் தன் தண்ணீரின் புகழைத்தான் பாடியது. கிணறுகளுக்கு விழுந்த சிப்பிகளை எல்லாம் ஒன்றாய்க் குவித்திருந்தால் தாங்கியின் குவியல் அதன் அரைவாசிக்கும் வந்திராது. கூழைக்கடா கள்ளக் கணக்கு எதுவும் எழுதவில்லை. தோற்றவர்களின் வயிற்றெரிச்சலுக்கு அது இன்னொரு காரணம்; யாரையும் பழி சொல்ல வழியில்லை.

“அண்ணை, நாங்கள் தோத்தது தாங்கியாலை இல்லை. எங்கடை கொழுப்பாலை,” என்று பூவரசங்கிணறு பக்கத்திலிருந்த பள்ளிக்கிணற்றிடம் சொன்னது.

“நீயும்தானே கேட்டனி?” என்றது பள்ளிக்கிணறு.

பூவரசங்கிணற்றுக்கு அது உண்மை என்று தெரியும். கோபம் மட்டும் இரட்டிப்பானது.

அதன் கோபத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. அந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது மாரி மழையின் மிச்சம். பாலின் மேல் ஆடை படிவதுபோல அது உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாகப் படிந்து நிற்கும். அளவோடு அள்ளினால் ஆண்டு முழுக்கக் குடிக்கலாம். அவசரப்பட்டு இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே வந்துவிடும்; வந்த உப்பு இலேசில் திரும்பிப் போகாது. அதனால்தான் தீவுச் சனம் காலையில் மட்டும் அள்ளுவார்கள். வெயில் ஏறியதும் கிணற்றை ஆற விடுவார்கள். அந்த நேரத்தில் வாளி போடுகிறவளை மற்றப் பெண்கள் பேசியே கொன்றுவிடுவார்கள்.

பூவரசங்கிணற்றில் அள்ளுகிறவள் றோசலின். மடுத்தீன் என்ற மீனவனின் மனைவி, கைக்குழந்தைக்காரி. கிணற்றுக்கு அவள்மேல் தனி வாரப்பாடு, தனிப் பாசம். குழந்தையின் முதல் குளிப்பு அதன் தண்ணீரில்தான் நடந்தது. அந்தப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கவும் கஞ்சி காய்ச்சவும் தன்னிடம் தண்ணீர் இருக்க வேண்டும். கிணற்றுக்கு வேண்டியது அவ்வளவுதான். பதவியைக் கேட்டதுகூட அதற்காகத்தான் என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அதில் பாதி உண்மை.

சபையின் முதல் கூட்டம் தாங்கியின் காலடி நிழலில் கூடியது. தோற்ற கிணறுகளை எல்லாம் தாங்கி ஒதுக்கிவிடவில்லை. அவ்வளவு விவரம் கெட்டதல்ல அது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அழைத்து, உம்முடைய தண்ணீருக்கு ஈடு இந்தத் தீவிலேயே இல்லை என்று காதோடு சொல்லி, ஆளுக்கொரு குழுவின் தலைமையைக் கொடுத்திருந்தது. கோயிற்கிணறு சமய விவகாரம். பள்ளிக்கிணறு கல்வி. மேட்டுக்கிணற்றுக்கு மேடுபள்ளம் பார்க்கிற வேலை. பூவரசங்கிணறு தவிர எல்லாம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தன.

பிறகுதான் தாங்கி விஷயத்துக்கு வந்தது. தீவின் தவிசாளர் வெறும் வயிற்றோடு நிற்பது தீவுக்கே அவமானம் என்றது. பெரிய கரையிலிருந்து யாராவது வந்து தட்டிப் பார்த்து, உள்ளே காற்றுத்தான் என்று கண்டால் யாருக்கு மரியாதைக் கேடு? ஆகவே ஒவ்வொரு கிணறும் தன் பங்கைத் தர வேண்டும். வாளியால் அள்ளினால் ஆண்டுக்கணக்காகும் என்பதால் நீர் இறைக்கும் மிசின் ஒன்று வந்திருக்கிறது என்றது. மிசின் ஒரு முறை உறுமி வணக்கம் சொன்னது.

பூவரசங்கிணறு எழுந்தது. “ஐயா, மிசின் வைச்சு இறைச்சால் உப்பு ஏறும். இது உங்களுக்குத் தெரியாட்டிலும் இஞ்சை இருக்கிற எல்லாக் கிணத்துக்கும் தெரியும். பிறகு சனம் எதைக் குடிக்கிறது?”

மற்றக் கிணறுகளை அது பார்த்தது. கோயிற்கிணறு வானத்தைப் பார்த்தது. பள்ளிக்கிணறு தன் சுற்றுக்கட்டில் இருந்த பாசியைப் பார்த்தது. தெரியும், எல்லாவற்றுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் குழுத் தலைமை போய்விடுமே. தன் வயிற்றில் உப்பு ஏறப்போகிறது என்று தெரிந்தும் நாற்காலிக்காக வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தைக் காறித் துப்பினாலும் தகும்.

தாங்கி கோபப்படவில்லை. வாக்கெடுப்புக்கு விட்டது. பூவரசங்கிணறு ஒன்றைத் தவிர எல்லாரும் ஆதரவு.

“சனநாயகம் எண்டால் பெரும்பான்மைதான், தங்கச்சி,” என்றது தாங்கி. “தோத்த ஆக்கள் கொஞ்சம் பொறுமையாய் இருக்கப் பழக வேணும்.”

மிசின் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டது. வெயில் ஏறியும் நிறுத்தவில்லை. கிணற்றை ஆற விடுவது என்ற பேச்சே அதனிடம் இல்லை. குழாயைத் தொண்டைக்குள் திணித்து, அடிவயிறு வரைக்கும் உறிஞ்சியது. பூவரசங்கிணறு கத்திப் பார்த்தது. மிசினின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கீழே இருந்து உப்பு மெல்ல மெல்ல ஏறி வருவதை அது தன் உடம்பிலேயே உணர்ந்தது. குழாயைத் தடுக்கத் தனக்கு ஒரு மூடிகூட இல்லையே என்று பொருமியது.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் றோசலின் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டாள். உடனே துப்பினாள். மறுபடியும் வாயில் விட்டுப் பார்த்தாள், மறுபடியும் துப்பினாள்.

“இஞ்சை வாங்கோ,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “தண்ணி கரிக்குது.”

வலையை விட்டுவிட்டு மடுத்தீன் வந்தான். “எங்கடை கிணறோ? இருக்காது,” என்றான். வாளியைத் தூக்கிக் குடித்தான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனம் வராமல் வாயில் வைத்திருந்து, கடைசியில் துப்பினான். பிறகு, “இனி இதிலை கால் கழுவத்தான் ஏலும்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சொல் கிணற்றின் அடி வரைக்கும் போய்த் தைத்தது. நான் செய்யவில்லையடி, என்னை இறைத்துவிட்டார்கள் என்று அது றோசலினிடம் சொல்லத் தவித்தது. மனிதர்களுக்குக் கிணற்றின் பேச்சு விளங்குவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது இந்தக் கிணறு கெட்டுப்போய்விட்டது என்பது மட்டுமே. யார் கெடுத்தது என்று கேட்க யாருக்கு நேரம்?

ஒவ்வொன்றாக எல்லாக் கிணறும் கரித்தன. அவற்றின் நல்ல தண்ணீரால் தாங்கி நிரம்பியது.

தாங்கி குழாய் போடாமல் விடவில்லை. அதைப் பொய்யன் என்று சொல்ல முடியாதபடி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒவ்வொரு கிணற்றடியிலும், கெட்டுப்போன கிணற்றின் முகத்துக்கு நேரே, ஒரு குழாய். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் விடும். சனங்கள் தண்ணீர் பிடிக்கும் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், இரண்டு கான் கிடைத்தவள் தாங்கியை வாழ்த்திக்கொண்டு போவாள். மாரியில் கிணறுகளில் உப்பின் மேல் புதிதாகப் படியும் நல்ல தண்ணீரையும் மிசின் விட்டுவைப்பதில்லை. ஆடையை வழித்தெடுப்பதுபோல எடுத்து மேலே ஏற்றிவிடும். கிணறுகளின் சொந்தத் தண்ணீரே தாங்கியின் கொடையாகக் கீழே இறங்கி வந்தது. வேலையில்லாத வாளிகள் கவிழ்ந்து கிடந்து துருப்பிடித்தன. கான் பிடிக்க வந்தவர்கள் சில வாளிகளின் மேல் உட்கார்ந்து கதை பேசினார்கள்.

இப்படியே காலம் போய், அடுத்த தேர்தலும் வந்தது.

இந்த முறை தாங்கியை எதிர்த்து நிற்கலாம் என்று பூவரசங்கிணறு எல்லாக் கிணறுகளிடமும் தூது விட்டது. யாராவது ஒருவர் மட்டும் நில்லுங்கள், நான் கேட்கமாட்டேன், என் வாக்கு உங்களுக்கே என்றது. நல்ல யோசனைதான் என்று எல்லாம் ஒத்துக்கொண்டன. ஆனால் சனம் குடிக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றும் திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பூவரசங்கிணறு மட்டும் தன் பெயரைக் கொடுத்தது.

வாக்களிப்புக்கு முதல்நாள் தாங்கி ஊர் சுற்றி வாக்குக் கேட்கவில்லை. பூவரசடிக் குழாய் வழியாக அதன் குரல் இறங்கி வந்தது.

“தங்கச்சி, குழாயிலை தண்ணி ஒழுங்காய் வருதே?”

“வருது,” என்றது கிணறு.

“அது காணும். வேறை ஒண்டும் வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுக் குரல் மேலே போயிற்று.

அந்த நேரம் றோசலினின் பிள்ளை குழாயடியில் நின்றது. முந்தித் தாயின் இடுப்பில் இருந்த அதே பிள்ளை. இப்போது ஓடித்திரிகிற வயது. இரண்டு கையையும் குவித்து, குழாயில் வாயை வைத்து, தண்ணீர் விடாய் அடங்க, தாகம் தீர, மூச்சு விடாமல் குடித்தது. குடித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பிள்ளை கிணற்றுத் தண்ணீரை ஒருநாளும் குடித்ததாக நினைவு வைத்திருக்காது. கிணறு என்றால் அதற்கு ஏறி விளையாடும் கல்.

மறுநாள் சிப்பி பூவரசங்கிணற்றிடம் வந்தது. வெகுநேரம் அது ஒன்றும் கீறவில்லை. தன் அடையாளத்தைக் கீறினால் தாங்கி தோற்றுவிடப் போவதில்லை. நாளைக்குக் குழாய்தான் நின்றுபோகும். பிள்ளை எதைக் குடிக்கும்? கிணறு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியின் அடையாளத்தைக் கீறிப் போட்டது. போட்டபோது அதற்குத் தாங்கியைவிடத் தன்மேல்தான் அதிக வெறுப்பு வந்தது.

கூழைக்கடா போய் வந்தது. இறங்குதுறையில் உட்கார்ந்து, எல்லா வாக்கும் தாங்கிக்கே என்று வாசித்தது. இப்படியொரு ஏகமனதான முடிவை எந்தத் தீவிலும் கண்டதில்லை என்று சொந்தக் கருத்தையும் சேர்த்துக்கொண்டது.

தாங்கி நன்றி சொல்லப் பேசியது. “என் உயிரினும் மேலான கிணறுகளே, வாளிகளே, கயிறுகளே, கப்பிகளே! நீங்கள் என்மேல் வைத்திருக்கும் அன்புக்கு நான் என்ன கைமாறு செய்யப் போகிறேன்?”

துருப்பிடித்த வாளிகள் கைதட்டுவதுபோல ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. கிணறுகள் தலை குனிந்துகொண்டிருந்தன. அப்போது கீழே இருந்து ஒரு குரல் கேட்டது.

“அது அன்பில்லை ஐயா. தண்ணி விடாய்.”

கைதட்டல் நின்றுவிட்டது. தாங்கி பேச்சை நிறுத்திக் கீழே பார்த்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கிணறும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்தக் கிணறு சொன்னது என்று அதற்குப் பிடிபடவில்லை.

ஆகவே அது எல்லாக் குழாய்களையும் பூட்டியது.