மேற்சாணைக்குப் போன கத்தி

ஒரு மெஸ்ஸின் சமையல்கட்டில் புதுக் கத்தி ஒன்று இருந்தது. பட்டறையில் முதல் சாணை பிடித்த கையோடு, கடைக் காகிதம்கூடக் கசங்காமல் அங்கே வந்து சேர்ந்தது. வந்த நாள் முதல் அதற்கு ஒரே நினைப்பு: மேற்படிப்பு மாதிரி மேற்சாணை பிடிக்க வேண்டும்.

"முதல்ல நாலு வெங்காயம் நறுக்கு. அப்புறம் பார்க்கலாம்" என்றது அரிவாள்மணை.

"வெங்காயத்துல இறங்கினா காலம் பூரா வெங்காயம்தான். மேற்சாணை முடிச்சுட்டு நேரா பெரிய வேலைக்குப் போறேன்."

"பெரிய வேலைன்னா?"

"பலாப்பழம் மாதிரி ஏதாவது" என்று கத்தி சமாளித்தது.

மெஸ் நடத்தும் குருவம்மாள் தக்காளி நறுக்க எடுத்தால் கத்தி வேண்டுமென்றே வழுக்கும். மழுங்கிவிட்டது போல அப்படி ஒரு நடிப்பு. அந்த அம்மாளும் நம்பி, தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடுவார். கல் சுற்றும், பொறி பறக்கும். தனக்காகத்தான் இந்த வாணவேடிக்கை என்று கத்தி பூரித்துப் போகும். மெஸ்ஸுக்குத் திரும்பியதும் மறுபடி வழுக்கல்தான்.

தக்காளிகள் தட்டில் உருண்டு உருண்டு சிரித்தன. "இத்தனை சாணை பிடிச்சும் நம்ம தோலைத் தாண்ட முடியலையே!"

ஒரு நாள் குருவம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "இதுதான் கடைசி. இனியும் வெட்டலைன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கிடுவேன்."

அன்றே கத்தியைச் சாணைக்காரரிடம் எடுத்துப் போனார்.

"மறுபடியுமா?" என்றது சாணைக்கல். "எந்த இடத்துல மழுங்கியிருக்கே?"

"எங்கேயும் இல்லைங்க. பொதுவா கொஞ்சம் கூராக்குங்க."

"பொதுவாவா? நான் கல்லுப்பா. தின்கிறதுதான் எனக்குத் தெரியும். மழுங்கல் இருந்தா அதைத் தின்பேன், இல்லைன்னா உன்னைத் தின்பேன். உன் அகலத்தைக் கொஞ்சம் பாரு."

கத்தி பார்த்தது. பாதி உடம்பைக் காணோம். இத்தனை நாள் பறந்த பொறியெல்லாம் தானேதான் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் காத்திருந்த தையல்கடைக் கத்தரிக்கோல் அதைக் கவனிக்கவே இல்லை. "அண்ணே, எனக்கு நுனி மட்டும் போதும். காலர் திருப்பற இடத்துல துணியைக் கடிக்குது. மத்த இடத்துல கை வச்சுடாதீங்க" என்று கல்லிடம் கறாராகப் பேசியது. தனக்கு என்ன வேண்டும் என்று ஒருவருக்கு இவ்வளவு தெரியுமா! கத்திக்கு வயிறு எரிந்தது.

சாணைக்காரர் கத்தியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு. சும்மா சும்மா தேய்க்காதீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று கத்தி வெங்காயத்தில் இறங்கியது. கண்ணே இல்லாத கத்திக்கும் கண்ணீர் வந்தது. கருணைக்கிழங்கு அரித்தது. முருங்கைக்காய் நாரில் சிக்கித் திணறியது. அரிவாள்மணை பார்த்து ரசித்தது. கத்தரிக்காய்க் காம்பை நுனியால் கிள்ளி எடுத்தபோது மட்டும் கத்திக்கே ஒரு பெருமை வந்தது.

மாதங்கள் போயின. ஒரு காலையில் கத்தி தக்காளித் தோலில் நிஜமாகவே வழுக்கியது. "ஐயோ, இது நடிப்பு இல்லை!" என்று அலறியது. பேரீச்சம்பழம் கண் முன்னே வந்து போனது. குருவம்மாளோ, "பாவம், உழைச்ச கத்தி" என்று அவராகவே சாணைக்காரரைக் கூப்பிட்டார்.

"எந்த இடத்துல?" என்று கேட்டது கல்.

"நடுவுல, ரெண்டு விரல் அகலம். தக்காளித் தோல் அங்கேதான் ஏமாத்துது. நுனியைத் தொட்டுடாதீங்க, காம்புக்கு வேணும்."

கல் அந்த இடத்தை மட்டும் உரசியது. இரண்டே சுற்று. பொறி வந்ததே தெரியவில்லை.

தட்டில் புதுத் தக்காளி ஒன்று உட்கார்ந்திருந்தது. பழைய கதையெல்லாம் அதன் காதுக்கும் எட்டியிருந்தது. "வந்துட்டாருய்யா மேற்சாணை!" என்று சிரிக்கத் தொடங்கியது.

சிரித்து முடித்தபோது அது இரண்டாக இருந்தது.