தூக்கணாங்குருவி வாங்கிய மெத்தை

இந்தக் கதையை என்னோடு வேலை பார்க்கும் ஆரோக்கியமேரி அக்கா சொன்னார். அவருக்கு யாரோ ரயிலில் சொன்னார்களாம். நடுவில் எது மாறியது என்று எனக்குத் தெரியாது. கேட்டபடி சொல்கிறேன்.

ஒரு குளக்கரையில் ஒரு கருவேலமரம் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றது. மழைக்காலம் நெருங்கினால் தூக்கணாங்குருவிகள் அங்கே வந்து கூடு கட்டும். அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடுதான் கட்டும். கவிழ்த்த சட்டிபோல ஒரு கூரை, அதன் கீழே குறுக்காக ஓர் ஊஞ்சல் பட்டை. அவ்வளவுதான். பிறகு சிறகடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து பட்டையில் உட்காரும், கூடு பின்னிய நார்களை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். தங்கினால் முட்டை அறையும், கீழே தொங்கும் நீண்ட வாசல் குழலுமாக மீதிக் கூடு எழும்.

அங்கே மஞ்சளன் என்றொரு குருவி இருந்தான். போன வருடம் அவன் முதல்முறையாகக் கூடு கட்டினான். பருவம் முழுக்கக் கூப்பிட்டான். ஒருத்தியும் வரவில்லை.

இந்த வருடம் தவிட்டி என்ற பெண் குருவி வந்தாள். ஒருநாள் வயல் வரப்பில் இருவரும் அருகருகே புல்விதை கொத்தினார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உங்க கூடு எந்தக் கிளையில?"

"அந்த நுனிக் கிளையில. இன்னும் பாதிதான் ஆகியிருக்கு."

"பாதி ஆனா போதுமே! கூப்பிடுங்க, வரேன்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மஞ்சளன் இரண்டு நாள் பறந்தான். நார் கிழிக்கும்போதும் அவள் குரல் கேட்டது. தண்ணீர் குடிக்கக் குனிந்தால் பக்கத்தில் அவள் நிழல் விழுந்ததுபோல இருந்தது. மூன்றாம் நாள் பட்டையைக் கட்டி முடித்தான். கூப்பிட வாயைத் திறந்தான்.

"நில்லு, நில்லு!" என்றது ஒரு குரல். மேல் கிளையில் கருவாயன் காக்கை உட்கார்ந்திருந்தது. "இதுக்குள்ள யாரைக் கூப்பிடப் போறே?"

"தவிட்டியை."

"இந்த ஓட்டைச் சட்டிக்கா?" காக்கை சிரித்தது. "மெத்தை எங்கே? திரை எங்கே? போன வருஷம் ஏன் ஒருத்தியும் வரலைன்னு இப்பத்தானே தெரியுது!"

மஞ்சளனுக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் பாதியில்தானே கூப்பிடறாங்க?"

"எல்லாரும் செய்யறதையே நீயும் செய்தா உன்கிட்ட அவ ஏன் வரணும்? என்கிட்ட குளிர்நாட்டு வாத்தின் இறகு இருக்கு. ஆட்டு ரோமம் இருக்கு. பட்டுத்துணி இருக்கு. குளிர்நாட்டில் இறகு மெத்தை இல்லாத வீடே கிடையாது, தெரியுமா?"

காக்கை அந்தக் குளத்தைத் தாண்டிப் போனதே இல்லை. மஞ்சளன் அதைக் கேட்கவில்லை.

"நான் என்ன தரணும்?"

"நார் கொடு. என் கூட்டுக்கு அடியில் போடணும். ஒருநாள் முழுக்க நீ கிழிக்கிற நார், ஒரு மூட்டைக்கு."

மஞ்சளன் ஒப்புக்கொண்டான். ஒருநாள் நார் கொடுத்து இறகு வாங்கினான். இன்னொரு நாள் கொடுத்து ரோமம் வாங்கினான். மெத்தை போட இடம் வேண்டுமே என்று சுவரை அடைத்தான். திரை மாட்ட வேண்டுமே என்று கடைசியில் பட்டையையும் மூடினான்.

நான்காம் நாள் தவிட்டி வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தாள். "ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான்!"

ஆறாம் நாளும் வந்தாள். "பட்டையில உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! முழுசா முடிச்சுட்டுக் காட்டறேன்."

ஒன்பதாம் நாள் அவள் அந்த வழியாகவே பறந்தாள். ஆனால் எதுவும் கேட்கவில்லை. மஞ்சளன் அவள் போன திசையையே பார்த்திருந்தான். 'பட்டுத்துணி மட்டும் வந்துவிட்டால் போதும்' என்று நினைத்துக்கொண்டு மறுபடி நார் கிழிக்கப் போனான்.

அடுத்த கிளையில் கூடு கட்டிய சடையன் என்ற குருவி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தான். அவன் பாதிக் கூடு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

"என்னப்பா மஞ்சளா, கூடு கட்டறியா, கடை வைக்கறியா?"

"நீ முதல்ல உன் கோணலை நிமிர்த்து!"

"வர்றவ சொன்னா நிமிர்த்தறேன்!" என்றான் சடையன்.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. அன்று வெயில் கொளுத்தியது. காற்றே இல்லை. மஞ்சளன் சிறகடித்துக் கூப்பிட்டான். தொண்டை அடைக்கும் வரை கூப்பிட்டான். கடைசியில் தவிட்டி வந்தாள். கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பறந்தாள்.

"நான் எங்கே உட்காரட்டும்?"

"உள்ளே வா! மெத்தை இருக்கு!"

அவள் உள்ளே போனாள். போன வேகத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"அம்மாடி, அடுப்புக்குள்ள போன மாதிரி இருக்கு! மூச்சு முட்டுதே!"

"அது குளிர்நாட்டு இறகு..."

"இங்கே யாருக்குங்க குளிருது?" அவள் ரோமத்தை அலகால் புரட்டினாள். அடியில் எறும்பு வரிசையாக ஓடியது. குளத்து ஈரம் ஊறிய பட்டுத்துணியில் பூஞ்சணம் பூத்திருந்தது. "வாசல் குழல் ஏன் இவ்வளவு குட்டை? பாம்பு வந்தா முட்டை எப்படித் தப்பிக்கும்?"

"நார் தீர்ந்துபோச்சு" என்றான் மஞ்சளன் மெதுவாக. "மெத்தைக்குக் கொடுத்துட்டேன்."

தவிட்டி வெளியே வந்தாள். பிறகு சொன்னாள்: "இங்கே எல்லாம் இருக்கு. நான் செய்யறதுக்குத்தான் ஒண்ணும் மிச்சமில்ல. அன்னிக்கு அந்தப் பட்டையைப் பார்த்தேன். ரெண்டு பேர் உட்காரலாம்னு நினைச்சேன். ஒன்பது நாள் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"எடுத்துடறேன்! எல்லாத்தையும் எடுத்துடறேன்!"

"அடிவானத்துல மேகம் கட்டுது, பாருங்க. இனிமே நேரமில்ல."

அவள் சடையனின் கூட்டுக்குப் போனாள். பட்டையில் உட்கார்ந்து நாரை இழுத்தாள்.

"வலது பக்கம் தாழ்ந்திருக்கே!"

"ஆமா. எவ்வளவு தூக்கணும்? நீயே சொல்லு" என்றான் சடையன்.

அவள் சிரித்தாள். மஞ்சளனுக்கு அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

மூன்று நாள் கழித்து மழை வந்தது. ரோமம் தண்ணீரைக் குடித்தது. இறகு தண்ணீரைக் குடித்தது. கூடு கனத்துக் கீழே இழுத்தது. மஞ்சளன் கூட்டைக் கிளையோடு கட்டியிருந்த காம்பைக் கால்களால் பிடித்துக்கொண்டு தொங்கினான். காம்பு அறுந்தது. கூடு குளத்தில் விழுந்து, கொஞ்சம் மிதந்து, பாதி மூழ்கிக் கரையோரம் ஒதுங்கியது.

"பொருளைத் திருப்பி எடுத்துக்கறியா? நாராவது கொடு!" என்று காக்கையிடம் கேட்டான்.

"நனைஞ்சதை யார் வாங்குவா?" என்று சொல்லிவிட்டுக் காக்கை அவன் நாரின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

மழை விட்டதும் மஞ்சளன் மறுபடி கட்டினான். கூரை கட்டினான். பட்டை கட்டினான். அங்கேயே நிறுத்தினான். காக்கை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான். சிறகடித்துக் கூப்பிட்டான். ஆனால் அதற்குள் பெண் குருவிகள் எல்லாம் வீடு சேர்ந்துவிட்டன.

வயலில் நெல் பால் பிடித்தது. சடையன் கூட்டிலிருந்து குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் வந்தது. தவிட்டி வாயில் இரையோடு உள்ளே போவாள், வெளியே வருவாள். ஒருமுறை மஞ்சளனின் கூட்டருகே சற்றுத் தயங்கிப் பட்டையைப் பார்த்தாள். பிறகு பறந்துவிட்டாள்.

மஞ்சளன் அந்தப் பட்டையில் உட்கார்ந்திருந்தான். நடுவில் உட்காரவில்லை. ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான்.

சேர்ந்து வாழப்போகிறவர் வருவதற்கு முன்பே வீட்டை முழுக்க நிரப்பிவிடுகிறவர், அவருக்கு உட்கார இடம் வைப்பதில்லை.

பாதிக் கூட்டு வழக்கம் கதைக்காகச் சேர்த்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு நூலகத்தில் பறவைகள் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். காக்கை நார் வாங்கியதாக அதில் எங்கும் இல்லை. ஆனால் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திப் பெண்ணை அழைப்பதும், பெண் ஏற்ற பிறகே மீதியைக் கட்டுவதும் உண்மை. யாரும் ஏற்காத பாதிக் கூடுகள் அப்படியே மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது.