ஏழு இழை போதும் என்றவர்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கொற்றங்குடி என்கிற நாட்டை விசித்திரராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அந்தக் காலத்தில் கண்ணாடி இழை ஏது என்று கேட்கக் கூடாது. இருந்தது. தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு முனையில் விளக்கைக் காட்டினால் மறுமுனையில் மினுக்கும். அந்த மினுக்கலிலேயே சேதி போய்விடும்.

ராயர் ஊருக்கு வெளியே பெரிய இரும்பாலை ஒன்று கட்டினார். ஏழு கொட்டகை, நடுவில் கட்டுப்பாட்டு அறை. எந்தக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று அறைக்குத் தெரிய, மண்ணுக்கடியில் இழை பதிக்க வேண்டும். பொறுப்பு மந்திரி தில்லைவல்லியிடம் இருந்தது.

வேலையைப் பார்வையிட வந்த ராயர், மேலே பறந்த பருந்தைப் பார்த்தபடியே நடந்து பள்ளத்துக்குள் விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே உத்தரவு போட்டார்.

"இழையைப் போட்டதும் மூடிக் கருங்கல் பாவிவிடுங்கள். இன்னொரு தடவை தோண்ட வேண்டும் என்று எவர் வந்து நின்றாலும், அவர் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

தில்லைவல்லி அன்றிரவே இழைக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். நாளைக்கு இழை போதவில்லை என்றால் வந்து நிற்கப்போவது அவள்தானே.

மறுநாள் சபையில் ராயர் கேட்டார்: "எத்தனை இழை போடப்போகிறாய்?"

"கொட்டகைக்கு நான்கு, மகாராஜா. பின்னால் வேண்டியதைக் கோத்துக்கொள்ள வெறும் குழாயும் பதிக்க வேண்டும். எல்லாமே பாதி கிழக்கு வழியாக, பாதி மேற்கு வழியாக."

அரண்மனை மராமத்து அதிகாரி அகோரமூர்த்தி எழுந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "கொட்டகை ஏழு, இழையும் ஏழு. ஒரே வழி போதும். வெறும் குழாயாமே, அதற்குள் அம்மையார் எதை ஓடவிடுவார், காற்றையா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராயரும் சிரித்தார். தில்லைவல்லிக்குக் காது சூடானது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஏழே போதும் என்றால் எனக்கும் வேலை மிச்சம். மூடுவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாமே. நாளைக் காலையில் மராமத்து ஐயாவே கட்டுப்பாட்டு அறையாக நிற்கட்டும்."

"நிற்கிறேனே. விரல் பத்து இருக்கிறது. மூன்று மிச்சமாகும்," என்றார் அகோரமூர்த்தி.

காலையில் அவரை ஒரு முக்காலிமேல் ஏற்றினார்கள். கொட்டகைக்கு ஒரு நூலாக ஏழு நூலைக் கிழக்குப் பாதை வழியே இழுத்துவந்து ஏழு விரலில் கட்டினார்கள். மிச்ச மூன்று விரலை அவர் எல்லோருக்கும் ஆட்டிக் காட்டினார்.

தில்லைவல்லி ராயரிடம் சொன்னாள்: "ஒரு சுற்று வரலாமா, மகாராஜா? மனசில் என்ன தோன்றினாலும் சொல்லுங்கள்."

அவ்வளவுதான் அவள் செய்தது.

உலையருகே ராயர் நின்றார். "இதன் சூட்டை நான் அரண்மனையிலிருந்தே பார்க்க வேண்டும்." ஒரு நூல் எட்டாவது விரலுக்குப் போனது. "வாசலில் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும்." இன்னொரு நூல். "கரிக்குவியலில் தீ மூண்டால் மணி அடிக்க வேண்டும்." விரல் பத்தும் தீர்ந்தது.

ராயருக்கு அப்போதுதான் சூடு பிடித்தது. "அங்கே காலியாகக் கிடக்கிறதே, எட்டாவது கொட்டகை கட்டுவோம். பக்கத்தில் ஒன்பதாவது. ஆஸ்தான பாகவதர் பாட்டு எல்லாக் கொட்டகையிலும் கேட்கட்டும், தாளத்துக்குச் சம்மட்டி அடிக்கட்டும்." ராயர் ஓடவே ஆரம்பித்துவிட்டார். நூல் அகோரமூர்த்தியின் காதுக்குப் போனது, குடுமிக்குப் போனது, மீசையின் இரண்டு நுனிக்கும் போனது. "மகாராஜா, மூக்குதான் பாக்கி," என்று அவர் முனகினார்.

அந்த நேரம் பார்த்து இரும்புப் பாளம் இழுத்துக்கொண்டு ஒரு யானை கிழக்குப் பாதையில் வந்தது. யானையைத் தான் வரச்சொல்லவில்லை என்றுதான் தில்லைவல்லி கடைசிவரை சொன்னாள். அது பாட்டுக்கு நடந்தது. நூல் மொத்தமும் அதன் காலில் சுற்றிக்கொண்டது. அகோரமூர்த்தி முக்காலியிலிருந்து பறந்து மணலில் விழுந்தார். நூல் அத்தனையும் படபடவென்று அறுந்தது.

சிரித்துச் சிரித்து ராயருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தில்லைவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

"இப்போது எந்தக் கொட்டகையிலிருந்தும் சேதி வராது, மகாராஜா. உலை வெடிக்கப்போகிறது என்று உள்ளே நிற்கிற ஆட்களுக்குச் சொல்லக்கூட வழியில்லை. எல்லாம் ஒரே பாதையில்தானே வந்தது."

ராயரின் சிரிப்பு நின்றது. உலைப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மணலில் கிடந்தவரிடம் திரும்பினார்.

"அகோரமூர்த்தி, விரல் எத்தனை மிச்சம்?"

அவர் மீசையைத் தடவிப் பார்த்தார். பாதியைக் காணோம்.

"மந்திரி சொன்னபடியே போடுங்கள். இந்த நூல் முழுவதையும் இவர் உட்கார்ந்து சிக்கெடுக்கட்டும்," என்றார் ராயர். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தில்லைவல்லியிடம் கொடுத்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"பள்ளம் மூடுகிறவரை தாங்கள் இந்தப் பக்கம் வராமலிருந்தால் போதும்."

"ஏன், மறுபடி விழுந்துவிடுவேன் என்றா?"

"இல்லை, மகாராஜா. தாங்கள் இன்னொரு சுற்று வந்தால் நான்கும் போதாது."

ராயர் வாய்விட்டுச் சிரித்தபடி பல்லக்கில் ஏறினார். ஏறியவர் திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினார். "தில்லைவல்லி, நந்தவனத்து மயில்களுக்கு மட்டும் ஒரே ஒரு இழை…"

பல்லக்குத் தூக்கிகள் மந்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த நொடி பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடியே போனார்கள்.