பக்கத்து நாற்காலி

"மிஸ், ரெண்டுலயும் இடம் கிடைச்சிருச்சு. எதுல சேரட்டும்?"

தேவகுமாரி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில்தான் அவள் நுழைவுத்தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆயிரம் பேர் எழுதினால் ஒருவருக்குக் கிடைப்பதே அரிதான இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டுமே, சேரும் முன் ஒருமுறை வந்து பார்த்துப் போகச் சொல்லியிருந்தன. அமுதரசி பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள்.

"பாடம்?"

"ரெண்டுலயும் ஒண்ணுதான் மிஸ். நாலு வருஷம் இருக்கப்போற இடமாச்சே, அதான் அங்க எப்படி இருக்காங்கன்னு பார்த்து முடிவு பண்ணலாம்னு."

"சரி, சொல்லு."

"கடலோரத்துல இருக்கிறதுல, விடுதி ஜன்னலைத் திறந்தா கடல். நூலகத்தைப் பூட்டுறதே இல்லை. பாட்டு, நாடகம், எல்லாத்துக்கும் ஆள் சேர்ந்துருக்காங்க."

"மலைமேல இருக்கிறதுல?"

"ஒரே குளிர். சாயங்காலம் ஆனா ஆளுக்கொரு அறையில கதவைச் சாத்திக்கிறாங்க."

"அப்ப கடலோரம்."

"இல்ல மிஸ். மலைக்கே போயிரலாம்னு இருக்கேன்."

தேவகுமாரி டஸ்டரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கடலோரத்துல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாட்டுக் கூடத்துல ஒருத்தி சத்தம் போட்டுக் கூப்பிட்டா மிஸ். குண்டுமணீன்னு."

அது செல்லக்கனி வைத்த பெயர். இதே பெஞ்சில் அமுதரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வராத கணக்கையெல்லாம் போட்டுக் காட்டியவள். போன வருஷம் அங்கே சேர்ந்துவிட்டாள்.

"நீ என்ன பண்ணின?"

"கூட இருந்தவங்கல்லாம் டெல்லி, பெங்களூரு. எல்லாரும் இங்கிலீஷ்ல பேசிட்டிருந்தோம். உன்னையா கூப்பிடுறாங்கன்னு ஒருத்தி கேட்டா."

அரசியின் குரல் இறங்கியது.

"யாருன்னே தெரியாதுன்னுட்டேன்."

"அவளுக்குக் கேட்டுச்சா?"

"அதுக்குள்ள பக்கத்துல வந்துட்டா மிஸ்."

அரசி தரையைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"ஒண்ணும் சொல்லாம திரும்பிப் போயிட்டா. அவ மேஜையில, எனக்காகப் பக்கத்து நாற்காலியில பையைப் போட்டு இடம் பிடிச்சு வச்சிருந்தா. நான் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் அந்தப் பையை எடுக்கவே இல்லை."

தேவகுமாரி எதிரே வந்து உட்கார்ந்தாள். திட்டட்டும் என்று அரசி காத்திருந்தாள். திட்டிவிட்டால் தேவலை போலிருந்தது.

"அவ சாப்பிட்டாளா?"

அரசி வாயைத் திறந்தாள்.

அந்த மேஜை கண்முன் வந்தது. நாற்காலியில் பை. மேஜைமேல் ஒரு டம்ளர், இரண்டு கைகள். தட்டு இருந்ததா? எத்தனை தடவை ஓரக்கண்ணால் பார்த்தாள்! மறுபடி கூப்பிட்டுவிடுவாளோ என்றுதான் பார்த்தாள்.

"தெரியல மிஸ்."

"கேட்டுட்டு வா. மலையா, கடலான்னு அப்புறம் பேசுவோம்."

அரசி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள்.

முதல் மணியிலேயே செல்லக்கனி எடுத்துவிட்டாள்.

"குண்டுமணிதான் பேசுறேன். அன்னிக்கு நீ சாப்பிட்டியா?"